பினோக்கியோ சமர்த்தாகிவிட்டானா?

"கதை முடிந்தது, கத்தரிக்காய் காய்த்தது" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டால் எல்லாக் கதையும் முடிந்துபோவதில்லை. சில கதைகளில், முடிந்த பிறகுதான் குழந்தைக்குச் சந்தேகமே ஆரம்பிக்கிறது.

போன வாரம் எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. ஐந்து வயதுப் பேத்திக்கு அவள் அம்மா பினோக்கியோ கதையைச் சொல்லி முடித்தாள். மரப்பொம்மை நிஜப் பையனாக மாறிவிட்டது. சுபம்! குழந்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு, "பையனா ஆனதுக்கப்புறம் அவன் எங்கேயாவது ஓடுவானாம்மா? கடல்ல குதிப்பானா?" என்று கேட்டது.

"சேச்சே! இனிமே எதுக்குக் குதிக்கணும்? சமர்த்தா ஸ்கூலுக்குப் போவான், அப்பாகிட்டயே இருப்பான்" என்றாள் என் மருமகள்.

குழந்தையின் முகம் வாடிவிட்டது. "அப்ப பொம்மையாவே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

எனக்குச் சுருக்கென்றது. வளர்வது என்றால் வேடிக்கையெல்லாம் முடிந்துபோவது என்று ஒரு குழந்தை ஐந்து வயதிலேயே தீர்மானம் செய்துவிட்டால், அப்புறம் அது எதற்காக வளர ஆசைப்பட வேண்டும்? மறுநாள் மத்தியானம் அடுப்படி வேலை முடிந்ததும், மூலக் கதையின் முழு மொழிபெயர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பையனான பிறகும் பினோக்கியோவிடம் அந்தத் துணிச்சல் இருந்ததா, இல்லையா? பார்த்துவிடலாம் என்று!

பாதியில் நின்ற கதை

நம்மில் பலருக்குத் தெரிந்தது 1940-ல் வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் எடுத்த படத்தின் கதை. மூலக் கதை இத்தாலியில் பிறந்தது. எழுதியவர் கார்லோ லொரென்சினி. 1826-ல் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தவர். அப்பா ஒரு பிரபு வீட்டில் சமையற்காரர். அம்மாவின் ஊர் கொலோடி என்ற சின்னக் கிராமம். அந்த ஊர்ப் பெயரையே புனைபெயராக்கி, கார்லோ கொலோடி ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகுட்டி கிடையாது. ஆனால் குழந்தைகளின் அடம், பொய், சாக்குப்போக்கு எல்லாம் அவருக்கு எப்படித்தான் அத்துப்படியாயிற்றோ!

1881 ஜூலையில் ரோமில் ஒரு குழந்தைகள் வாரப் பத்திரிகை தொடங்கியது. அதில்தான் தொடர்கதையாக இது வந்தது. முதலில் வைத்த தலைப்பு, 'ஒரு பொம்மையின் கதை'. பதினைந்தாவது அத்தியாயத்தில் திருடர்கள் பினோக்கியோவைப் பெரிய ஓக் மரத்தில் தூக்கில் தொங்கவிட்டுவிடுகிறார்கள். அங்கேயே கதையை முடித்துவிட்டார் மனிதர்! குழந்தைகள் விடுவார்களா? கதை மேலே வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, 1882 பிப்ரவரியில் மறுபடி எழுத வைத்தார்கள். இந்தத் தடவை தலைப்பு, 'பினோக்கியோவின் சாகசங்கள்'. 1883 ஜனவரியில் 36 அத்தியாயங்களோடு முடிந்து, அதே வருஷம் புத்தகமாகவும் வந்தது.

ஆக, பினோக்கியோ வளர்ந்து பையனானதே வாசகர்கள் பிடிவாதம் பிடித்ததால்தான். அவர்கள் சும்மா இருந்திருந்தால் அவன் பொம்மையாகவே மரத்தில் தொங்கிப் போயிருப்பான்.

யார் சொல்லி ஓடினான்?

ஜெப்பெட்டோ என்ற ஏழைத் தச்சர் எதற்காகப் பொம்மை செய்ய ஆரம்பிக்கிறார், தெரியுமா? பிள்ளையில்லாத குறைக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூலக் கதையில் அப்படி இல்லை. ஆடவும், கத்தி வீசவும், குட்டிக்கரணம் போடவும் தெரிந்த ஒரு பொம்மையைச் செய்து, அதோடு ஊர் ஊராக உலகம் சுற்றி, வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஊர் சுற்றும் குணம் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று வேறு எங்கும் தேட வேண்டாம்!

கால் செய்து முடித்ததுதான் தாமதம், பினோக்கியோ தெருவில் ஓட ஆரம்பித்துவிடுகிறான். அப்பா தன் கோட்டை விற்று, பனி கொட்டும் குளிரில் சட்டையோடு நின்று வாங்கித் தந்த அரிச்சுவடியை, பொம்மலாட்டம் பார்ப்பதற்காக நாலு காசுக்கு விற்றுவிடுகிறான். பொம்மலாட்டக்காரர் கொடுத்த ஐந்து தங்கக் காசைப் பூமியில் விதைத்தால் காசு மரம் முளைக்கும் என்று நரியும் பூனையும் சொல்ல, அவர்கள் பின்னாலேயே போகிறான். விளையாட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊருக்குப் போகலாம் என்று ஒரு சிநேகிதன் கூப்பிட, அதற்கும் வண்டி ஏறிவிடுகிறான்.

பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இவற்றில் அவனாகத் தீர்மானித்துப் போனது எது? ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் ஆசை காட்டுகிறார், இவன் இழுபடுகிறான். அவன் உடம்பில் கயிறு கிடையாதுதான். ஆனால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம்! துணிச்சல்காரன் என்று நாம் கொண்டாடும் பிள்ளை, பாதி நேரம் பிறத்தியார் துணிச்சலுக்குப் பின்னால் ஓடின பிள்ளை.

பயமும் அவனுக்கு நிறைய உண்டு. காய்ச்சலில் கிடக்கும்போது, நீலக் கூந்தல் தேவதை மருந்து கரைத்துக் கொடுக்கிறாள். "கசக்குமா? முதலில் சர்க்கரை கொடு" என்கிறான். சர்க்கரையைத் தின்றுவிட்டு, தலையணை சரியில்லை, கதவு திறந்திருக்கிறது என்று ஒவ்வொரு சாக்காகச் சொல்லுகிறான். கடைசியில் நாலு கறுப்பு முயல்கள் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் மருந்து உள்ளே போகிறது! நம் வீடுகளில் முயல் வருவதில்லை. மற்றதெல்லாம் அப்படியே நடக்கிறது, இல்லையா?

அவனாகவே துணிந்த இடங்களும் உண்டு. பொம்மலாட்டக்காரர் ஆட்டிறைச்சி வாட்ட விறகு போதவில்லை என்று இன்னொரு பொம்மையை நெருப்பில் போடப் போகிறார். "எனக்குப் பதிலாக அவன் சாவது நியாயமில்லை, என்னையே போடுங்கள்" என்று பினோக்கியோ முன்னால் வந்து நிற்கிறான். இன்னொரு இடம்: காணாமல் போன மகனைத் தேடி ஜெப்பெட்டோ சின்னப் படகில் கடலில் போகிறார். படகை அலை விழுங்குவதைக் கரையிலிருந்து பார்த்த பினோக்கியோ, அடுத்த நொடி தண்ணீரில் குதிக்கிறான். யாரும் சொல்லவில்லை, யாரும் ஆசை காட்டவில்லை. இந்த இரண்டு இடங்களையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொம்மைக்கு வளர்ச்சி இல்லை

வளர வேண்டும் என்பது யாருடைய ஆசை? அப்பாவோ தேவதையோ வற்புறுத்தியதாக நினைப்போம். ஆனால் முதலில் கேட்டவன் அவன்தான். சில காலம் கழித்துத் தேவதையைப் பார்க்கிறான். சின்னப் பெண்ணாக இருந்தவள் இப்போது அம்மா வயசுப் பெண்மணியாக நிற்கிறாள். தானும் வளர வேண்டும், எப்போதும் இதே உயரத்தில் இருந்து அலுத்துவிட்டது என்கிறான். பொம்மைகள் வளர்வதே இல்லை, பொம்மையாகப் பிறந்து பொம்மையாகவே சாகும் என்று அவள் சொல்லுகிறாள்.

எனக்கு இந்த இடம்தான் கதையின் உயிர் என்று தோன்றுகிறது. பொம்மையாக இருந்தால் எத்தனை ஊர் சுற்றினாலும் சுற்றினதெல்லாம் உடம்பில் ஒட்டாது. கால் கருகிப் போனால் அப்பா புதுக் கால் செதுக்கித் தருவார். மறுபடி அதே தப்பு, மறுபடி அதே அழுகை. நேற்று பட்டது இன்றைக்குப் பாடமாவதில்லை.

நாளைக்கு நீ பையனாகிவிடுவாய் என்று தேவதை ஒரு நாள் வாக்குக் கொடுக்கிறாள். விருந்துக்கு 200 கோப்பை பால் காப்பியும், இரண்டு பக்கமும் வெண்ணெய் தடவிய 400 ரொட்டியும் தயாராகின்றன. (இந்தக் கணக்கைப் படித்ததும், எழுதியவர் சமையற்காரர் மகன் என்பது ஞாபகம் வந்தது!) நண்பர்களைக் கூப்பிட்டு வருகிறேன் என்று போன பிள்ளை, விளையாட்டு ஊருக்கு வண்டி ஏறிவிடுகிறான். ஐந்து மாதம் ஆட்டம் போட்டதில் கழுதைக் காது முளைத்து, முழுக் கழுதையாகவே ஆகிவிடுகிறான். அத்தனை காப்பியும் யார் குடித்தார்கள் என்று கொலோடி எழுதவில்லை.

நூறு வாளித் தண்ணீர்

கடைசி அத்தியாயங்களுக்கு வருவோம். படத்தில் திமிங்கலம், மூலத்தில் அது வாலை விட்டுவிட்டே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுறா. அதன் வயிற்றுக்குள் ஜெப்பெட்டோ இரண்டு வருஷமாகக் கிடக்கிறார். கடைசி மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கிறது. வயசான அந்தச் சுறாவுக்கு ஆஸ்துமா, நெஞ்சுப் படபடப்பு வேறு! அதனால் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்கும். அந்தச் சமயம் பார்த்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வரப் பார்க்கிறான் பினோக்கியோ. முதல் தடவை சுறா தும்மி, இருவரும் வயிற்றுக்குள்ளேயே போய் விழுகிறார்கள், விளக்கும் அணைந்துவிடுகிறது. மறுபடி புறப்படுகிறான். அப்பாவுக்கு நீந்தத் தெரியாது. தோளில் ஏற்றிக்கொண்டு நடுக்கடலில் குதிக்கிறான்.

கரை சேர்ந்த பிறகு நடப்பதைத்தான் நாம் கதை சொல்லும்போது விட்டுவிடுகிறோம். உடம்பு தேறாத அப்பாவுக்கு ஒரு கோப்பை பால் வேண்டும், கையில் காசில்லை. ஒரு தோட்டக்காரர், கிணற்றிலிருந்து 100 வாளித் தண்ணீர் இறைத்தால் ஒரு கோப்பை பால் தருகிறேன் என்கிறார். இறைக்கிறான். தலையிலிருந்து கால்வரை வேர்த்துக் கொட்டுகிறது. அன்றைக்கு மட்டுமில்லை, ஐந்து மாதம், தினமும் விடியுமுன் எழுந்து இதே வேலை. விளையாட்டு ஊரில் இருந்ததும் ஐந்து மாதம்தான் என்பதைக் கவனித்தீர்களா?

அந்தத் தோட்டக்காரர் வீட்டுத் தொழுவத்தில் ஒரு கழுதை சாகக் கிடக்கிறது. அது, விளையாட்டு ஊருக்குக் கூப்பிட்டானே, அந்தச் சிநேகிதன். பினோக்கியோ வைக்கோலை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான்.

இதற்கு நடுவே கூடை முடையக் கற்றுக்கொள்கிறான். அப்பாவை வெயில் இதமான நாட்களில் காற்றாட அழைத்துப் போகச் சின்னத் தள்ளுவண்டி செய்கிறான். குச்சியைப் பேனாவாக்கி, பழச்சாற்றை மையாக்கி, ராத்திரியில் எழுதப் பழகுகிறான். புதுச் சட்டை வாங்க 40 காசு சேர்த்து வைத்திருக்கிறான். தேவதை ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் கிடக்கிறாள் என்று கேட்டதும், அந்த 40 காசையும் அப்படியே கொடுத்தனுப்பிவிடுகிறான். அன்றிரவு எட்டுக் கூடைக்குப் பதில் பதினாறு கூடை முடைகிறான். விடிந்து பார்த்தால், பையன்!

இப்போது சொல்லுங்கள். தங்கக் காசு காய்க்கும் என்று நரி பின்னால் போனது பெரிய துணிச்சலா, சேர்த்த காசு முழுவதையும் ஒரு நோயாளிக்குத் தூக்கிக் கொடுத்தது பெரிய துணிச்சலா?

நாற்காலியில் சாய்ந்த பொம்மை

ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. பையனான பினோக்கியோ, பழைய மரப்பொம்மை எங்கே என்று கேட்கிறான். அப்பா காட்டுகிறார். நாற்காலியில் சாய்ந்து, தலை ஒரு பக்கம் தொங்கி, கை துவண்டு, கால் மடங்கிக் கிடக்கிறது. பொம்மையாக இருந்தபோது எவ்வளவு வேடிக்கையாக இருந்தேன் என்றும், நல்ல பையனானதில் எவ்வளவு சந்தோஷம் என்றும் அவன் நினைத்துக்கொள்வதோடு கதை முடிகிறது. அதற்கு மேல் கொலோடி ஒரு வரி எழுதவில்லை. 1890-ல் காலமாகிவிட்டார்.

இந்த இடத்தில் எனக்கும் மனசு கனக்கத்தான் செய்தது. அத்தனை ஆட்டம் போட்ட அந்தக் கட்டைக் கை, கால்! "பொம்மையாவே இருந்திருக்கலாம்" என்று ஒரு குழந்தை சொன்னால் அதில் நியாயமே இல்லை என்று எப்படிச் சொல்வது?

உலகத்தில் பலருக்கும் இந்த ஏக்கம் இருந்திருக்கிறது. 1903-ல் இத்தாலியிலேயே ஒருவர் பினோக்கியோவை ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட வைத்துப் புத்தகம் எழுதினார். 1936-ல் ரஷ்யாவில் அலெக்ஸி டால்ஸ்டாய் (இவர் 'போரும் அமைதியும்' எழுதியவர் இல்லை) இந்தக் கதையை எடுத்து, முடிவையே மாற்றிவிட்டார். அவருடைய பொம்மைக்குப் புரட்டீனோ என்று பெயர். அவன் கடைசிவரை மரம்தான். தங்கச் சாவியால் ரகசியக் கதவைத் திறந்து, சிநேகிதர்களோடு சொந்த நாடகக் கொட்டகையே அடைந்துவிடுகிறான். "அது சரி, படிப்பது எப்போது?" என்று அப்பா கேட்கிறார். காலையில் படிப்பு, சாயங்காலம் நாடகம் என்று பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலாகச் சொல்லுகிறார்கள். நம் வீட்டுச் சுவரில் ஒட்டி வைக்கலாம் போன்ற கால அட்டவணை!

1991-ல் ராபர்ட் கூவர் என்ற அமெரிக்கர், பெரியவர்களுக்கான ஒரு நாவலில், பினோக்கியோவைப் பேர்பெற்ற கிழப் பேராசிரியராகவே காட்டினார். வயசான காலத்தில் வெனிஸ் நகரத்துக்குத் திரும்பி வரும் அவருடைய உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி மரமாகிறது. ஒதுக்கி வைத்த பொம்மை உள்ளேயேதான் இருந்திருக்கிறது. 2022-ல் மெக்சிகோ நாட்டு இயக்குநர் கியர்மோ டெல் டோரோ எடுத்த படத்திலோ, இறந்துபோன மகனைப் போல நீயும் இரு என்று ஜெப்பெட்டோ முதலில் எதிர்பார்க்கிறார். பிறகு, நீ நீயாகவே இரு என்று ஏற்றுக்கொள்கிறார். பையன் மரமாகவே இருக்கிறான். அப்பாவின் காலத்துக்குப் பிறகு தனியாக உலகம் பார்க்கப் புறப்படுகிறான். அந்தப் படத்துக்கு 2023-ல் ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

சமர்த்து என்றால் என்ன?

இவ்வளவையும் படித்த பிறகு என் மனசில் நின்றது, என் மருமகள் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான்: சமர்த்து. நாம் எல்லாரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுகிற வார்த்தை. "சமர்த்தா உட்காரு", "சமர்த்தா தூங்கு", "சமர்த்தா இரு, அம்மா வந்துடறேன்". ஆடாமல் அசையாமல் இருப்பதற்கு அப்படி ஒரு பெயர் வைத்துவிட்டோம். ஆனால் சமர்த்து என்றால் திறமை, சாமர்த்தியம். கெட்டிக்காரனைத்தான் சமர்த்தன் என்பார்கள். ஆடாமல் அசையாமல் நாற்காலியில் சாய்ந்து கிடந்தது கதையில் யார்? பொம்மைதானே! பையன் இல்லையே!

தண்ணீர் இறைக்கவும், கூடை முடையவும், வண்டி செய்யவும் கற்றுக்கொண்டு, சுறாவின் வாயிலிருந்து அப்பாவைத் தூக்கி வந்த பிள்ளைதான் நிஜமான சமர்த்து. அந்தப் பிள்ளைக்குச் சதையும் ரத்தமுமான கால் கிடைத்தபின் அது சும்மாவா இருக்கும்? எனக்குத் தோன்றுவது இதுதான்: பினோக்கியோவின் துணிச்சல் போகவில்லை. இழுத்த பக்கமெல்லாம் ஓடுகிற துணிச்சல் போய், தானாகப் புறப்படுகிற துணிச்சல் வந்தது. எரிகிற நெருப்புக்கு முன்னால் நின்றதும், அப்பாவுக்காகக் கடலில் குதித்ததும் பொம்மையாக இருந்தபோதே அவனிடம் இருந்த குணம். அது வளர்ந்தது. வளர முடியாத மற்றது நாற்காலியில் தங்கிவிட்டது.

ஆகவே, இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கதையைச் சொல்லும்போது, "அப்புறம் நல்ல பிள்ளையாயிட்டான்" என்று ஒரே தாண்டாகத் தாண்டிவிடாதீர்கள். நூறு வாளித் தண்ணீரையும், பதினாறு கூடையையும், நாற்பது காசையும் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குக் கூட அது புரியும். கேட்ட குழந்தை மறுநாள் "நான் செடிக்குத் தண்ணி ஊத்தறேன்" என்று சின்ன வாளியோடு வந்து நின்றால், "சிந்திடுவே, போய்ச் சமர்த்தா உட்காரு" என்று சொல்லாமல் கொடுத்துவிடுங்கள். சிந்தட்டும். துடைக்கும் துணியையும் கூடவே கொடுங்கள், அதுவும் வேலைதானே? கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வரவோ, மாமரத்தில் முதல் கிளைவரை ஏறவோ துணிந்தால், நீங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டு இருங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். யாரோ கூப்பிட்டார்கள் என்று கிளம்பினால் மட்டும், "உனக்காத் தோணித்தா, அவன் சொன்னானா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நரியையும் பூனையையும் அடையாளம் காண அந்தக் கேள்வி போதும்.

கதை முடிந்ததும், "அதுக்கப்புறம் அவன் எங்கே போனான்?" என்று குழந்தை கேட்டால் பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம். "நீயே சொல்லேன்" என்று விட்டுவிடுங்கள். கொலோடி எழுதாமல் விட்ட அத்தியாயம் அது. குழந்தைகள் பிடிவாதம் பிடித்ததால்தான் இந்தக் கதையே தொடர்ந்தது. மிச்சத்தையும் அவர்களே சொல்லட்டும்.